எதற்காக வலித்தது?

1987ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நியூசிலாந்தின் வடக்கே வைட்டாங்கி காட்டில் கிவிப் பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. மைக்கேல் தபோர்ஸ்கி என்ற ஆய்வாளர் அப்போது அங்கே கிவிகளின் வாழ்க்கையைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் ரேடியோ கருவி கட்டிவிட்டிருந்த இருபத்துச் சொச்சம் பறவைகளில் 13 பறவைகள் சில வாரங்களுக்குள் கொல்லப்பட்டன. அந்தக் காட்டில் அன்று இருந்த கிவிகள் சுமார் 900. இறந்த கணக்கைக் காடு முழுவதற்கும் விரித்துப் பார்த்தபோது 500 பறவைகள் வரை போயிருக்கலாம் என்று தெரிந்தது. அத்தனையையும் கொன்றது ஒரே ஒரு நாய், அலைந்து திரிந்த ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு பெட்டை. அதைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் சாவு நின்றது.

கிவிக்குப் பறக்கத் தெரியாது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பறக்காததால் அதற்கு மார்புத் தசையும் உறுதியான நெஞ்செலும்பும் வளரவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். நாய் கடித்துக் குதற வேண்டியதில்லை. விளையாட்டாக வாயில் கவ்வினாலே உள்ளே நொறுங்கிவிடும். போதாக்குறைக்கு, நாய்களைச் சுண்டி இழுக்கும் கனமான வாடை வேறு அதற்கு உண்டு. ஆகவே வேட்டைக்கோ வேறு வேலைக்கோ காட்டுக்குள் நாயைக் கூட்டிப்போகிறவர்களுக்காக அந்நாட்டில் ஒரு பயிற்சி நடத்துகிறார்கள். நாயின் கழுத்தில் ஷாக் காலரைக் கட்டுவார்கள். வழியில் பாடம் செய்த கிவியையோ, செத்துக் கிடைத்த கிவியின் உடலையோ போட்டுவைப்பார்கள். நாய் மோப்பம் பிடித்துப் போய் அதன்மேல் மூக்கை வைக்கிற கணத்தில் ரிமோட்டை அழுத்துவார்கள். நாய் வீறிட்டுத் துள்ளி விலகும். அதற்குப் பிறகு கிவி கிடக்கும் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகும் நாய்கள் பல. பாடம் மறந்துபோகும் என்பதால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை திரும்பவும் சோதிக்கிறார்கள். இது முழு உத்தரவாதம் ஆகாது என்பதையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நாய்களை வலியால் பழக்கும் கருவிகள் வேண்டாம் என்கிற கட்சியைச் சேர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் எதிர்க்கட்சியின் பலமான சாட்சியை முதலில் கூண்டில் ஏற்றியதற்குக் காரணம் உண்டு. கிவி விஷயத்தில் அந்தக் கருவி ஏன் பலிக்கிறது என்று நன்றாகப் பார்த்துக்கொண்டால்தான், அதே கருவி தெருவிலும் வீட்டிலும் ஏன் தவறிப்போகிறது என்பது விளங்கும்.

நம் ஊர் செல்லப்பிராணிக் கடைகளில் கொத்தாகத் தொங்குவது சோக் செயின். சுருக்குச் சங்கிலி. இழுத்தால் கழுத்தை இறுக்கும், விட்டால் தளரும். முள் பெல்ட்டில் மழுங்கிய கம்பி முனைகள் உள்நோக்கி நிற்கும்; நாய் இழுக்கும்போது அவை கழுத்தைச் சுற்றிலும் அழுந்தும். ஷாக் காலரில் இரண்டு உலோக முனைகள் கழுத்துத் தோலைத் தொட்டபடி இருக்கும். தூரத்தில் நிற்பவர் ரிமோட்டை அழுத்தினால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மின்துடிப்பு பாயும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க வேட்டைநாய்களுக்காகக் கடைக்கு வந்த கருவி இது. இன்று நம் வீட்டு வாசலுக்கே கூரியரில் வருகிறது.

'வலியே இருக்காது, கூச்சம் மாதிரிதான்' என்று விற்பவர்கள் சொல்வார்கள். மிகக் குறைந்த அளவில் வைத்தால் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாக் கருவியிலும் 'ஐந்து' என்ற எண் ஒரே பலத்தைக் குறிப்பதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வெகுவாக மாறுகிறது. நனைந்த கழுத்தில் மின்சாரம் எளிதாகப் பாய்ந்துவிடும். அடர்ந்த மயிருள்ள உலர்ந்த கழுத்தில் அதே அளவு உறைக்காது. காலையில் ஒன்றும் தெரியாத அளவு, மழையில் நனைந்து வந்த மாலையில் வேறாக இருக்கும். உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு நாயின் கழுத்துக்குத் தீர்ப்பு எழுதுவது சரியாகாது.

இன்னொரு சிக்கலும் இதில் இருக்கிறது. தண்டனை எப்போது வேலை செய்யும் என்பதை நேத்தன் அஸ்ரினும் வில்லியம் ஹோல்ஸும் 1966இல் விரிவாக எழுதினார்கள். தப்பு நடந்த உடனே விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் விழ வேண்டும். முதல் முறையே பலமாக விழ வேண்டும். மெல்லத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் விலங்கு வலிக்குப் பழகிப்போகிறது. பிறகு பெரிய வலியும் அதை நிறுத்துவதில்லை. இரக்கப்பட்டுக் குறைவாக வைத்து நாளுக்கு நாள் ஏற்றுகிற வீட்டுக்காரர், தன் நாயைப் பெரிய வலி தாங்கப் பயிற்றுவிக்கிறார். முதலிலேயே முழுப் பலத்தில் வைக்கவோ யாருக்கும் மனம் வராது. வரவும் கூடாது.

வலியால் எதையும் கற்பிக்க முடியாது என்று எங்கள் கட்சிக்காரர்கள் சிலர் பேசுவதுண்டு. அது உண்மையில்லை. வலி மிக நன்றாகக் கற்பிக்கும். அடுப்பில் சுட்டுக்கொண்ட குழந்தைக்கு இரண்டாம் பாடம் தேவைப்படாது. ஷாக் காலர் பிடிக்கிறவர்களில் கைதேர்ந்தவர்கள் இன்று அதைத் தண்டனையாக மட்டும் பயன்படுத்துவதில்லை. மெல்லிய துடிப்பைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே கூப்பிடுவார்கள். நாய் தங்கள் பக்கம் திரும்பியதும் நிறுத்திவிடுவார்கள். செருப்புக்குள் கல் குத்தினால் காலை உதறுகிறோம், கல் விழுந்ததும் ஒரு நிம்மதி வருகிறது அல்லவா? அந்த நிம்மதிதான் இங்கே பரிசு. இதுவும் கற்றல்தான். பி.எஃப். ஸ்கின்னர் வகுத்துத் தந்த கணக்கில் இதற்கும் இடம் உண்டு. இனிய ஒன்றைக் கொடுப்பது, கசப்பான ஒன்றை எடுப்பது இரண்டுமே செயலை வளர்க்கும். கசப்பைக் கொடுப்பது, இனியதைப் பறிப்பது இரண்டுமே செயலைக் குறைக்கும்.

ஆகவே நாய் கற்குமா என்பதில் எனக்கு ஐயமில்லை. எதைக் கற்கிறது என்பதில்தான் வழக்கு. ரிமோட்டை அழுத்துகிறவர் மனதில் ஒரு வாக்கியம் இருக்கிறது: 'ஸ்கூட்டரைத் துரத்தாதே.' நாய்க்கு அந்த வாக்கியம் போய்ச் சேருவதில்லை. அதற்குப் போய்ச் சேருவது வலி மட்டும். அது எதற்காக வலித்தது என்பதை, அந்தக் கணத்தில் தன் கண்ணிலும் காதிலும் மூக்கிலும் என்ன இருந்ததோ அதை வைத்து, நாயே முடிவு செய்துகொள்கிறது.

ஜெர்மனியின் ஹானோவரில் நடந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. எஸ்தர் ஷால்கேயும் உடனிருந்தவர்களும் 2007இல் வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த 14 பீகிள் நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஓடும் பொம்மை முயலை அவை துரத்தும். முதல் குழுவுக்கு முயலை வாயால் தொட்ட நொடியில் ஷாக். இரண்டாம் குழுவுக்குக் கூப்பிட்டும் வராதபோது ஷாக். மூன்றாம் குழுவுக்குக் காரணமே இல்லாமல், எப்போது வேண்டுமானாலும். எச்சிலில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். உடல் எவ்வளவு பதறுகிறது என்று சொல்லும் சுரப்பு அது. காரணமில்லாமல் ஷாக் வாங்கிய நாய்களுக்கு அது வெகுவாக ஏறியது. கூப்பிட்டு வராததற்காக வாங்கியவற்றுக்கும் ஏறியது. முயலைத் தொட்டு வாங்கியவற்றுக்குப் பெரிய மாற்றமில்லை. நான்கு வாரம் கழித்து ஷாக்கே இல்லாமல் அதே இடத்துக்குக் கூட்டி வந்தபோதும் இதே வரிசைதான்.

மூன்று குழுவுக்கும் கருவி ஒன்று. வேறுபட்டது ஒன்றே ஒன்று: வலி எங்கிருந்து வருகிறது என்று நாயால் கண்டுபிடிக்க முடிந்ததா, இல்லையா? முயல் சுட்டது, முயலை விட்டால் சுடாது. இது நாய்க்குப் புரிகிற உலகம். கிவியும் அப்படித்தான். ஆனால் 'வா' என்று யாரோ கூப்பிட்டார்கள், முயல் ஓடிக்கொண்டிருந்தது, காற்று வீசியது, எங்கிருந்தோ கழுத்தில் விழுந்தது என்றால்? மனிதக் கண்ணுக்கு இரண்டாம் குழுவின் தண்டனை நியாயமானது. கட்டளையை மீறினால் தண்டனை. நாயின் உடலுக்கு அது காரணமற்ற தண்டனைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இந்த இரண்டாம் வகை என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த ஆய்வாளர்களே, படித்துத் தகுதியை நிரூபித்தவர்களைத் தவிர வேறு யாரிடமும் இந்தக் கருவி போகக் கூடாது என்று எழுதினார்கள்.

வலியை எதோடு முடிச்சுப் போடுவது என்பதில் உடலுக்குச் சொந்த விருப்பு வெறுப்பும் உண்டு. 1966இல் ஜான் கார்சியாவும் ராபர்ட் கோலிங்கும் எலிகளுக்கு ஒரு தண்ணீர் வைத்தார்கள். குடிக்கும்போது தனிச்சுவை நாக்கில் படும். கூடவே விளக்கு மின்னும், சத்தமும் கேட்கும். சில எலிகளுக்குக் குமட்டல் வரவைத்தார்கள், சிலவற்றுக்குக் காலில் ஷாக் கொடுத்தார்கள். குமட்டியவை அந்தச் சுவையை வெறுத்தன. ஷாக் வாங்கியவை சுவையைக் குற்றம் சொல்லவில்லை. வெளிச்சத்தையும் சத்தத்தையும் கண்டு ஒதுங்கின. தோலில் விழும் வலிக்கான காரணத்தை உடல் வெளியே, பார்க்கிற கேட்கிற பொருள்களில் தேடுகிறது. காட்டில் வாழும் உயிருக்கு அது மிகச் சரியான புத்தி. கொட்டியது வெளியே இருக்கும் குளவிதானே.

இதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1962இல், ரோஜர் உல்ரிச்சும் அஸ்ரினும் செய்த சோதனை இன்னும் கொடியது. இரண்டு எலிகளை ஒரே கூண்டில் விட்டுத் தரைக்கம்பி வழியே ஷாக் கொடுத்தார்கள். அதுவரை சண்டையே இல்லாத எலிகள் பின்னங்காலில் எழுந்து நின்று ஒன்றையொன்று தாக்கின. பக்கத்தில் யார் இருந்தாரோ அவர்மேல் பழி.

இந்த இரண்டையும் படித்தபோது எங்கள் வீட்டில் நடந்தது எனக்குப் புரிந்தது. செவலை என்பது தெருவிலிருந்து நாங்கள் எடுத்து வளர்த்த நாட்டுநாய். ஒன்றரை வயதில் ஸ்கூட்டர் துரத்த ஆரம்பித்தது. விசாரித்து ஒரு ட்ரெய்னரைக் கூப்பிட்டோம். வாரத்துக்கு மூன்று நாள் வந்தார். சோக் செயினைக் காதுக்குப் பின்னால் உயர்த்திக் கட்டி, ஸ்கூட்டர் வரும் நேரம் தெருவில் நடத்திப்போவார். நாய் வண்டியைப் பார்த்து விறைத்ததும் ஒரே சுண்டு. நாய் 'கீச்' என்று கத்தும். அம்மா உள்ளே போய்விடுவாள். எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் 'கொஞ்ச நாள்தானே' என்று நின்றேன். மூன்றாவது வாரம் செவலை ஸ்கூட்டருக்குக் குரைக்கவில்லை. உறுமக்கூட இல்லை. காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு என் காலோடு ஒட்டி நடந்தது. பழகிவிட்டது என்று நானே எல்லாரிடமும் சொன்னேன்.

அடுத்த மாதம் ஒரு காலை, பால்காரர் எங்கள் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றினார். செவலை சத்தமில்லாமல் போய் அவர் கணுக்காலைக் கடித்தது. ஒரு வருடமாக அவர் கையால் பிஸ்கட் வாங்கித் தின்ற நாய் அது.

ட்ரெய்னர் சொல்லிக்கொடுக்க நினைத்தது 'துரத்தாதே' என்பதை. செவலை கற்றது 'ஸ்கூட்டர் வந்தால் கழுத்து வலிக்கும்' என்பதை. இரண்டும் வெவ்வேறு பாடங்கள். முன்பு ஸ்கூட்டர் அதற்கு ஒரு விளையாட்டு. பிறகு அது எதிரி. கிவியைக் கண்டு நாய் பயந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. நாய் வாழ்நாள் முழுக்கக் கிவியை வெறுத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஸ்கூட்டரையும், அடுத்த வீட்டுக் குழந்தையையும், எதிரே வரும் இன்னொரு நாயையும் அது அப்படி வெறுக்க வேண்டும் என்று யார் விரும்புவார்கள்? ஆனால் வலியைக் கையில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றின் முன்னிலையில்தான் எடுக்கிறார்கள். எல்லையைத் தாண்டினால் ஷாக் அடிக்கும் மின்வேலிப் பெல்ட் கட்டிய நாய்கள் மனிதர்களைக் கடுமையாகக் கடித்த ஐந்து சம்பவங்களை ரிச்சர்ட் போல்ஸ்கி என்ற ஆய்வாளர் 2000இல் எடுத்து எழுதினார். வேலி கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது அங்கே நின்ற ஆள்.

பழி வெளியாள்மேல் விழாவிட்டால் சில நேரம் வளர்ப்பவர்மேலேயே விழுகிறது. நெதர்லாந்தில் மத்தைஸ் ஷில்டரும் யோஆன் வான் டெர் போர்க்கும் 2004இல் காவல் நாய்களைக் கவனித்தார்கள். ஷாக் வாங்கிப் பயின்ற நாய்கள் பயிற்சித் திடலில் தாழ்ந்து பதுங்கின என்பதில் வியப்பில்லை. பயிற்சியே இல்லாத பூங்கா உலாவிலும் அவை மற்ற நாய்களைவிட அதிகம் பதறின. தன் ஆள் பக்கத்தில் இருக்கிறார், ஆகவே ஷாக் வரலாம் என்று அவை கற்றிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். நாயோடு வாழ்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய இழப்பு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் எல்லா ஆபத்திலிருந்தும் ஓடி ஒளிய வேண்டிய இடமே நாமாக இருக்கும்போது, அந்த இடத்தில் வலியைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

போர்த்துகலில் அனா காத்தரீனா வியேரா த காஸ்த்ரோவும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, ஷாக்கை விட்டுவிட்டு அன்றாடக் கண்டிப்பைப் பார்த்தது. பல பயிற்சிப் பள்ளிகளிலிருந்து 92 வீட்டு நாய்கள். சில பள்ளிகள் தீனி கொடுத்துக் கற்பிப்பவை. சில செயினைச் சுண்டியும் அதட்டியும் கற்பிப்பவை. ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் தீனி இருக்கும், மறுபக்கத்துக் கிண்ணம் காலி என்று நாய்களுக்கு முதலில் பழக்கினார்கள். பிறகு கிண்ணத்தை நடுவில் வைத்தார்கள். இருக்குமா, இருக்காதா? நம்பிக்கையுள்ள நாய் ஓடும். நம்பிக்கை இழந்தது தயங்கித் தயங்கிப் போகும். கண்டிப்பு மிக அதிகமாக இருந்த பள்ளிகளின் நாய்கள் தயங்கின. பயிற்சி முடிந்து, செயின் கழற்றி, வேறோர் அறையில், வேறொரு விளையாட்டில்கூட அந்தத் தயக்கம் கூடவே வந்தது.

இனி எதிர்க்கட்சியின் இரண்டாவது சாட்சி: ஆடு. பிரிட்டனில் மேய்ச்சல் நிலங்களை ஒட்டி மக்கள் நாயோடு நடக்கிறார்கள். நாய் ஆட்டைத் துரத்தினால் விவசாயி அதைச் சுட்டுவிடலாம். குறிப்பிட்ட நிபந்தனைகளோடு 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குக் காப்பளிக்கிறது. 'இரண்டு ஷாக்கில் பிழைக்கக்கூடிய நாயைத் துப்பாக்கிக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களா?' என்று ஷாக் காலர்காரர்கள் கேட்கிறார்கள். நெஞ்சைத் தொடும் கேள்வி இது. நாயை நேசிப்பவர்கள்தான் இதையும் கேட்கிறார்கள் என்பதை எங்கள் கட்சி மறந்துவிடக் கூடாது.

அரசுப் பணத்தில் லிங்கன் பல்கலைக்கழகம் இதை ஆராய்ந்தது. கூப்பிட்டால் வராதது, ஆட்டைத் துரத்துவது போன்ற சிக்கலுள்ள 63 நாய்கள், குழுவுக்கு 21. முதல் குழுவை ஷாக் காலர் தயாரிப்பாளர் சங்கம் பரிந்துரைத்த பயிற்சியாளர்களே கருவியோடு பழக்கினார்கள். இரண்டாம் குழுவை அதே பயிற்சியாளர்கள் கருவி இல்லாமல் பழக்கினார்கள். மூன்றாவதைத் தீனியையும் பாராட்டையும் நம்பும் பயிற்சியாளர்கள். கருவியை அறியாதவர் கையில் கொடுத்துவிட்டுக் குறை சொன்னார்கள் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. 2014இல் வந்த முடிவின்படி ஷாக் குழு நாய்கள் அதிகம் இறுகிக் காணப்பட்டன, அதிகம் கொட்டாவி விட்டன. கருவியால் தொடர்ச்சியான கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அதே சோதனையின் காணொளிகளைத் திரும்ப எண்ணி 2020இல் வெளியிட்டபோது, முதல் முறை கூப்பிட்டதும் கேட்டதிலும் விரைந்து வந்ததிலும் தீனிக் குழுவே முன்னே நின்றது.

வழக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. 2024இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைவ் வின் என்ற நாய்நடத்தை அறிஞரும் அவர் குழுவினரும் நேர்மாறான முடிவைத் தந்தார்கள். 19 நாய்கள், வேகமாக இழுபடும் ஒரு பொம்மை இரை. ஷாக் காலர் கட்டியவை சில அமர்வுகளுக்குள் துரத்துவதை நிறுத்தின. தீனி முறையில் பழகிய நாய்கள் அந்தக் குறுகிய நாட்களுக்குள் நிறுத்தவில்லை. தீனிக் குழுவுக்குக் கொடுத்த பயிற்சி நடைமுறையில் யாரும் செய்கிற விதத்தில் இல்லை, நாய்களும் குறைவு என்று மற்ற அறிஞர்கள் மறுப்பு எழுதினார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. இருந்தாலும் ஆய்வு காட்டுவதை நான் ஒதுக்கிவிட மாட்டேன்: ஓடும் பொருளைத் துரத்துவதை மிகச் சில நாட்களில் நிறுத்த வேண்டுமென்றால் பலமான வலி அதைச் செய்யும். கிவிக் காட்டில் நாம் பார்த்ததும் இதைத்தான். துரத்தப்படும் பொருளும் வலியும் ஒரே இடத்தில், ஒரே நொடியில். இந்தக் குறுகிய மூலைக்கு உள்ளே கருவிக்கு வேலை இருக்கலாம். கடையில் அதை வாங்குகிறவர்கள் குரைப்புக்கும், வாசலில் தாவுவதற்கும், பயந்து உறுமுவதற்கும் அல்லவா வாங்குகிறார்கள்.

உறுமல் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உறுமும் நாயைக் கெட்ட நாய் என்று நினைக்கிறோம். உறுமுவது நாயின் நாகரிகம். 'தள்ளிப் போ, எனக்குப் பிடிக்கவில்லை' என்று பல்லுக்கு முன்னால் வார்த்தையை அனுப்புகிறது. அந்த வார்த்தைக்கு அடி கொடுத்தால் வார்த்தை போய்விடும். பிடிக்காமை அப்படியே இருக்கும். மெகன் ஹெரனும் உடனிருந்தவர்களும் 2009இல், நடத்தைச் சிக்கலுள்ள நாய்களை வளர்க்கும் 140 பேரிடம் என்ன செய்து பார்த்தீர்கள், நாய் எப்படிப் பதில் சொன்னது என்று கேட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்களில் 43 விழுக்காட்டினர் நாய் திருப்பித் தாக்க வந்தது என்றார்கள். நாயை மல்லாக்கப் புரட்டி அழுத்தியவர்களில் 31 விழுக்காட்டினர். வெறுமே முறைத்துப் பார்த்தவர்களில்கூட 30.

புரட்டி அழுத்தும் பழக்கம் ஓநாயின் பெயரால் வந்தது. அடைத்து வைத்த, உறவில்லாத ஓநாய்களிடம் கண்ட சண்டையை வைத்துக் கூட்டத்துக்கு ஒரு தலைவன் என்ற கதை பிறந்தது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச், காட்டு ஓநாய்க் கூட்டம் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். கதை மட்டும் இன்னும் நம் ஊர்ப் பயிற்சித் திடல்களில் உலவுகிறது.

அடிபட்டு அடங்கிய நாயைப் பார்த்து 'எவ்வளவு சாது' என்கிறோம். தப்பவே முடியாத ஷாக் வாங்கிய நாய்களை 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் வேறொரு பெட்டிக்கு மாற்றினார்கள். நடுவில் சின்னத் தடுப்பு. தாண்டினால் வலி இல்லை. பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்து முனகின. ஐம்பது ஆண்டு கழித்து அதே அறிஞர்கள் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள்: நீண்ட வலியில் செயலற்றுப் போவது உடலின் இயல்பு, 'என்னால் இதை மாற்ற முடியும்' என்பதைத்தான் உயிர் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. செவலை என் காலோடு ஒட்டி நடந்த அந்த வாரம் எனக்கு நினைவுக்கு வந்தது. அது சாதுவாக இருக்கவில்லை.

சட்டங்கள் மெல்ல நகர்கின்றன. வேல்ஸ் 2010இல் ஷாக் காலருக்குத் தடை போட்டது. ஆடு நிறைந்த நாடு அது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006இல் அதன் பயன்பாட்டை மறுத்தது. முள் பெல்ட்டைப் பயிற்சியில் 2022 முதல் விலக்கினார்கள். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியில் வரவிருந்த தடை வராமலே நின்றது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை.

செவலைக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பால்காரர் அண்ணனுக்கு ஊசி போட்டோம். அவர் பெருந்தன்மையாகத் திரும்பவும் பால் கொண்டுவந்தார். சோக் செயினை எடுத்துவிட்டு மார்போடு கட்டும் பட்டை வாங்கினோம். மெயின் ரோட்டிலிருந்து நூறு அடி தள்ளி, கோயில் மைதானத்து வேப்பமரத்தடியில் தினமும் சாயங்காலம் உட்கார்ந்தோம். என் பையில் அவித்த கோழி ஈரல். தூரத்தில் ஸ்கூட்டர் போகும், செவலை பார்க்கும், ஒரு துண்டு ஈரல் வாயில் விழும். ஸ்கூட்டர் மறைந்ததும் ஈரலும் நின்றுவிடும். அவ்வளவுதான் பயிற்சி. விறைத்தால் அடி கிடையாது. கிட்டே போய்விட்டோம் என்று பொருள், பத்தடி பின்னால் நகர்வோம். பாவ்லோவின் மணியும் இறைச்சியும் போல இங்கே ஸ்கூட்டரும் ஈரலும். நாய்க்கு எதற்காகத் தின்பண்டம் வந்தது? கண்ணில் தெரிந்த ஸ்கூட்டருக்காக. இந்தக் கணக்கில் அது தப்பு செய்தாலும் யாருக்கும் காயமில்லை. ஈரல் வந்தது வேப்பமரத்துக்காக என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு மாதத்தில் ஸ்கூட்டரைக் கண்டதும் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தது. சாலையோரம் வரை வர எட்டு மாதம் பிடித்தது. சுண்டிச் சுண்டி மூன்று வாரத்தில் கிடைத்த அமைதியைவிட இது நிச்சயமாக மெதுவானது. இன்றுவரை வாசலில் வந்து நிற்கும் வண்டி மட்டும் அதற்கு ஒத்துவரவில்லை. அதனால் பால்காரர் அண்ணன் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, கேனைக் கையில் தூக்கிக்கொண்டு, 'ஏ செவல' என்று கூப்பிட்டபடி நடந்து வருகிறார். அது காதை நிமிர்த்துகிறது. முதலில் அவர் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்க்கிறது. பிறகு வாலை ஆட்டுகிறது.